அவள் விரும்பித்தானே போனவள்?

ஜோஆன் ராமோஸின் 'தி ஃபார்ம்' நாவலை எங்கட வாசிப்பு வட்டத்தில் ஏழு பேர் வாசிக்க எடுத்தோம். முடித்தது ஐந்து பேர். மற்ற இரண்டு பேரும் கதையைக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு மட்டும் வந்தவர்கள். அப்படி வந்த ஒருத்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அவள் விரும்பித்தானே போனவள்? ஒருத்தரும் கழுத்தில கத்தி வைக்கேல்லையே. கையெழுத்துப் போட்டவள், காசு வாங்கினவள். பிறகென்ன?"

கன்டீன் பூட்டும்வரை கதைத்தோம். பிறகு வட்ஸ்அப்பில் கதைத்தோம். இந்தக் கட்டுரை அந்தக் கதையின் மிச்சம். நாவலின் முடிவையும் சொல்லப் போகிறோம். முடிவு தெரியாமல் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இத்தோட நிப்பாட்டிவிட்டு, புத்தகத்தை முடித்துக்கொண்டு வாங்கோ.

கதை இதுதான். ஜேன் ரெயெஸ் பிலிப்பைன்ஸில் இருந்து நியூயோர்க்குக்கு வந்த இளம்பெண். துரோகம் செய்த கணவனை விட்டுப் பிரிந்துவிட்டாள். கையில் அமாலியா என்ற கைக்குழந்தை. குயின்ஸ் பகுதியில் பிலிப்பைன்ஸ்காரப் பெண்கள் கட்டிலுக்குக் கட்டில் நெருக்கிப் படுக்கிற ஒரு விடுதியில், ஒன்றுவிட்ட அக்கா முறையான எவலினோடு இருக்கிறாள். எவலினை எல்லாரும் 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். தகாலொக் மொழியில் அது அக்கா. ஆத்தேக்கு அறுபது தாண்டிவிட்டது. மன்ஹற்றன் பணக்கார வீடுகளில் பிறந்த குழந்தைகளை இரவும் பகலும் பார்த்துக்கொள்வது அவளுடைய தொழில். அவளுக்கு நெஞ்சு வருத்தம் வர, அந்த வேலைக்கு ஜேன் போகிறாள், அதையும் இழக்கிறாள். அப்போது ஆத்தே ஒரு வழி சொல்கிறாள்: கோல்டன் ஓக்ஸ்.

நியூயோர்க் நகரத்துக்கு வடக்கே ஹட்சன் பள்ளத்தாக்கில் இருக்கிற ஒரு சொகுசு மாளிகை அது. நல்ல சாப்பாடு, மசாஜ், உடற்பயிற்சி, சுத்தமான காற்று, கையோடு வைத்தியர். அங்கே தங்கியிருக்கிற பெண்கள் எல்லாரும் வேறு யாருடையவோ கருவைச் சுமக்கிறார்கள். யாருடையது என்று அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. மாதாமாதம் ஒரு தொகை வரும். பெரிய தொகை, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால்தான். ஒன்பது மாதமும் வெளியே போக முடியாது. கையில் மாட்டிய பட்டி இதயத்துடிப்பையும் நடமாட்டத்தையும் கணக்கெடுக்கும். கமெரா பார்க்கும். இணையத்தில் எதைப் பார்க்கிறாய் என்பதும் மேலே போகும். சொந்தப் பிள்ளையைப் பார்க்கக் கிடைப்பது நிர்வாகத்தின் தயவு. கோல்டன் ஓக்ஸ் என்பது விளம்பரப் பெயர். உள்ளே இருக்கிற பெண்கள் அதை 'பண்ணை' என்கிறார்கள்.

நாவலில் இந்தப் பெண்களுக்கான பதவிப் பெயர் 'ஹோஸ்ட்'. விருந்தாளியை வரவேற்று உபசரிக்கிற வீட்டுக்காரருக்குரிய ஆங்கிலச் சொல் அது. வீடே அவளுடையது இல்லை என்கிற இடத்தில் அவளுக்கு வீட்டுக்காரி என்று பட்டம்! இந்த விசயத்தில் தமிழ் கொஞ்சம் நேர்மையானது என்று எங்களுக்குப் பட்டது. 'வாடகைத்தாய்' என்ற சொல்லில் காசு வெளிப்படையாக நிற்கிறது. கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், எதையும் மூடி மறைக்கவில்லை.

எங்கு பார்த்தாலும் இந்த நாவலை 'டிஸ்டோப்பியா' என்று போட்டிருக்கிறார்கள். எதிர்காலத்துக் கெட்ட கனவு என்ற வகைக்குள் தள்ளி, மார்கரெட் அற்வூட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் ரேல்' பக்கத்தில் வைக்கிறார்கள். இந்த ஒப்பீடு தவறான இடத்தைக் காட்டுகிறது என்பது எங்கட எண்ணம். 1985 இல் வந்த அற்வூட்டின் நாவலில் ஒரு அரசு இருக்கிறது, துவக்கு இருக்கிறது, வேதப் புத்தகம் இருக்கிறது. பெண்களைப் பிடித்துக்கொண்டு போய் அடைக்கிறார்கள். யார் எதிரி என்று வாசிக்கிறவருக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். ராமோஸின் பண்ணையில் துவக்கு இல்லை. ஒப்பந்தம் இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணும் நேர்முகத் தேர்வுக்கு வந்து, தெரிவாகி, சந்தோசப்பட்டு, கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே வருகிறாள். எங்கட நண்பன் கேட்ட கேள்வியைக் கேட்பதற்காகவே எழுதப்பட்ட நாவல் இது.

எதிர்காலம் என்ற பேச்சும் சரியில்லை. ராமோஸ் மணிலாவில் பிறந்து ஆறு வயதில் அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குப் போனவர். பிரின்ஸ்டனில் படித்து, முதலீட்டு வங்கித் துறையில் வேலை செய்து, பிறகு 'தி எகொனொமிஸ்ட்' பத்திரிகையில் எழுதியவர். இது அவருடைய முதல் நாவல், 2019 இல் வந்தது. இந்தியாவில் இருந்த ஒரு வாடகைத்தாய் விடுதியைப் பற்றிய சின்னப் பத்திரிகைச் செய்தி ஒன்றுதான் இதற்கு வித்து என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே அவர் எதையும் கற்பனையில் கண்டுபிடிக்கவில்லை. இருந்த ஒன்றைத் தூக்கி, தன் நாட்டுப் பணக்காரர்களின் சொகுசுத் தரத்துக்கு அலங்கரித்து, ஹட்சன் பள்ளத்தாக்கில் இறக்கி வைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

அந்த இந்திய விடுதிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இந்தியாவில் 2002 தொடக்கம் காசுக்கு வாடகைத்தாயாக இருப்பது தடையில்லாமல் நடந்தது. குஜராத்தின் ஆனந்த் நகரம் இதற்கு உலகப் புகழ் பெற்றது. பால் கூட்டுறவுக்குப் பேர்போன அதே ஆனந்த்தான். வெளிநாட்டுத் தம்பதிகள் வந்து கருவைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெண்கள் விடுதியில் தங்கிச் சுமந்து பெற்றுக் கொடுப்பார்கள். பெங்களூரிலும் நடந்தது. சமூகவியலாளர் ஷர்மிளா ருத்ரப்பா பெங்களூர்ப் பெண்களோடு பேசி 2015 இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் வருகிற பெண்களில் பலர் ஆடைத் தொழிற்சாலைகளில் தைத்தவர்கள். அவர்கள் சொன்னதைத்தான் எங்களால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை. கார்மன்ட்ஸ் வேலையோடு ஒப்பிட்டால் வாடகைத்தாயாக இருந்தது பரவாயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். மெஷினில் நாள் முழுக்க இருந்து, சுப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கி, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாத வாழ்க்கைக்கு, விடுதியில் சாப்பிட்டு இருப்பது ஒரு ஓய்வு. உருவாக்குகிற பொருளும் ஒரு சட்டையை விடப் பெறுமதியானது.

இதைக் கேட்டதும் எங்கட நண்பன் மேசையில் தட்டினான். "பாத்தியளோ, நான் சொன்னதுதானே." இல்லை, அவன் சொன்னது அதுவல்ல. ஒருத்தி தொழிற்சாலையை விடக் கர்ப்பம் மேல் என்று தெரிவு செய்கிறாள் என்றால், அந்தத் தெரிவு அவளைப் பற்றிச் சொல்வதை விடத் தொழிற்சாலையைப் பற்றித்தான் கூடச் சொல்கிறது. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது 1978 இல். அங்கே போர்டிங் அறைகளில் நாலு ஐந்து பேராகப் படுத்து எழும்புகிற அக்காமாரும் விரும்பித்தான் போனார்கள். வன்னியில் போருக்குப் பிறகு வந்த கார்மன்ட்ஸுக்குப் போகிறவர்களும் விரும்பித்தான் போகிறார்கள். 'விரும்பி' என்ற சொல்லை இங்கே பொய் என்று சொல்ல முடியாது. உண்மைதான். ஆனால் அந்தச் சொல் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேறு என்னென்ன கதவுகள் மூடியிருந்தன என்று பார்க்காமல் அதை ஒரு தீர்ப்பாக எழுதுவதுதான் எங்களுக்கு ஏற்காதது.

ருத்ரப்பாவின் புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு. இந்தப் பெண்களைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தது எங்கிருந்தோ வந்த தரகர் கூட்டமில்லை. கூட வேலை செய்தவள், பக்கத்து வீட்டுக்காரி, தானே முன்பு கருமுட்டை கொடுத்தவள். இதை வாசித்தபோது எங்களுக்கு ஆத்தேதான் ஞாபகம் வந்தாள்.

நாவலின் முதல் பக்கங்களில் ஆத்தேயை எல்லோருக்கும் பிடிக்கும். குழந்தையை எப்படித் தூங்கவைப்பது, எசமானியிடம் எப்படி நடப்பது, எப்போது வாயைத் திறக்கக்கூடாது என்று ஜேனுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடங்கள் அருமையானவை. தன் கையால் எத்தனையோ பணக்காரப் பிள்ளைகளை வளர்த்தவள். தன்னுடைய பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்து பல வருடம். அதில் ஒரு மகன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறான். அவனுக்காகத்தான் அந்த வயதிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உழைக்கிறாள். பிறகு ஒரு விசயம் தெரியவருகிறது. பண்ணைக்குப் பெண்களைப் பிடித்துக் கொடுப்பதற்கு அவளுக்குக் காசு கிடைக்கிறது. ஜேனை அனுப்பியதற்கும் கிடைத்தது.

எங்களில் ஒருத்தி அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் திறக்கவில்லை. துரோகம் என்று அவள் கோபப்பட்டாள். மற்றவர்களுக்கு அது துரோகமாகப் படவில்லை, அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆத்தே ஜேனை ஏமாற்றவில்லை. உண்மையிலேயே அது நல்ல வழி என்று நம்புகிறாள். தான் இருபது வருடம் நித்திரை முழித்துச் சேர்த்ததை ஜேன் ஒன்பது மாதத்தில் சேர்க்கலாம் என்று கணக்குப் பார்க்கிறாள். அந்தக் கணக்கில் பிழையும் இல்லை. கமிஷன் வாங்கியதும் உண்மை, அன்பும் உண்மை. எங்கட ஊர்களில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற சப்-ஏஜென்ட்மார் யார் என்று யோசித்துப் பாருங்கோ. கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறவர் இல்லை. அதே ஒழுங்கையில் இருக்கிற, முன்னம் குவைத்துக்குப் போய்வந்த ஒரு அக்காவோ மாமியோதான். பாஸ்போட் எடுக்கக் கூடவே வருவா. போகிற நாள் அழுவா. அவவுக்கும் ஒரு தொகை வரும்.

ஏழைகள் நல்லவர்கள், பணக்காரர்கள் கெட்டவர்கள் என்று எழுதியிருந்தால் இந்த நாவல் எங்களுக்கு ஒரு வாரத்தில் மறந்திருக்கும். பண்ணையை நடத்துகிற மே யூ கூட வில்லி இல்லை. சீனத் தகப்பனுக்குப் பிறந்து, தன் உழைப்பால் மேலே வந்தவள். தன்னிடம் வருகிற பெண்களுக்குத் தான் ஒரு வாய்ப்பைக் கொடுப்பதாக மனதார நம்புகிறாள். வாங்குகிறவருக்கும் இலாபம், விற்கிறவருக்கும் இலாபம், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவளுடைய நியாயம். எங்கட நண்பன் நாவலை வாசிக்காமலே மே யூவின் வசனத்தைப் பேசினான் என்று சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் சுட்டது.

பண்ணைக்குள்ளும் தரம் பிரிப்பு உண்டு. அதிகம் பேர் குடியேறிய நாட்டுப் பெண்கள், பிலிப்பைன்ஸ், கரீபியன் பக்கத்தவர்கள். ஆனால் ரேகன் என்ற பெண் வெள்ளை, பட்டதாரி, அழகி. ஆகவே 'பிரீமியம்' வகை, சம்பளமும் கூட. கருவின் மரபணு வேறு யாருடையதோ. சுமக்கிறவளின் தோல் நிறமோ பட்டமோ அந்தப் பிள்ளைக்குப் போகப்போவதில்லை. இருந்தும் வாங்குகிறவர்கள் அதற்குக் கூடக் காசு கொடுக்கிறார்கள். விஞ்ஞானத்தில் இதற்குப் பதில் இல்லை. சீதனச் சந்தையில் 'நல்ல குடும்பத்துப் பெட்டை' என்று விலை பேசுகிறவர்களிடம் கேட்டால் உடனே விளங்கப்படுத்துவார்கள்.

இனி எங்கட பக்கம். தலைப்பில் உள்ள 'பண்ணை' என்ற சொல் இலங்கையில் வாசிக்கிறவருக்கு வேறு மாதிரி ஒலிக்கும். ஒலிக்க வேண்டும். 1980களில் இந்த நாட்டிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அதில் 4,000 அளவு நெதர்லாந்துக்கு மட்டும். 2017 இல் நெதர்லாந்தின் 'செம்ப்ளா' தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைத் தோண்டியது. பொய்ப் பத்திரங்கள், வைத்தியசாலைகளில் களவு கொடுத்த குழந்தைகள், தத்தெடுக்க வந்த வெள்ளையர்களுக்கு முன்னால் பிள்ளையின் தாய் என்று நடித்த பெண்கள். தாய்மாரையும் பிள்ளைகளையும் ஒன்றாக அடைத்து வைத்த இடங்களுக்குப் பெயரே 'குழந்தைப் பண்ணை'. அவை அம்பலமானபின் 1987 இல் வெளிநாட்டுத் தத்துக் கொடுப்பைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். 2017 இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன இந்த முறைகேடுகளை ஒப்புக்கொண்டு, உறவுகளைத் தேட ஒரு மரபணுத் தரவு வங்கி அமைப்பதாகச் சொன்னார். 2020 இல் சுவிற்சர்லாந்து அரசும் தன் பக்கத் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது.

இது வாடகைத்தாய்மை இல்லை என்பது தெரியும். இரண்டையும் குழப்பவில்லை. ஒன்று களவு, மற்றது ஒப்பந்தம். ஆனால் பிள்ளை போன திசையைப் பாருங்கோ. இரண்டிலும் ஒரே திசை. பிள்ளை காசு இருக்கிற பக்கம் போகிறது. பெற்றவள் பத்திரத்தில் ஒரு பெயராக, சிலவேளை பொய்ப் பெயராக, மிஞ்சுகிறாள். இன்று ஐரோப்பாவில் நாற்பது வயது தாண்டிய ஒருவர் தன் தாயைத் தேடி இங்கே வந்தால், பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற பெண்ணே நடித்தவளாக இருக்கலாம்.

இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது எங்கட பட்ச் பிள்ளை ஒருத்தி வாயே திறக்கவில்லை. கடைசியில் போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். குவைத்தில் ஒரு வீட்டு ஹோல். அவளுடைய அம்மா சோபாவுக்குக் கீழே நிலத்தில் இருக்கிறா. மடியில் அந்த வீட்டுக் குழந்தை, மூன்று மூன்றரை வயதிருக்கும், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறது. "இந்த வயசில அம்மாவோட எனக்கு ஒரு படமும் இல்லை" எண்டு மட்டும் சொன்னாள். அம்மா போனபோது அவளுக்கு மூன்றரை. திரும்பி வந்தது ஆறு வருடம் கழித்து. அந்தக் காசில்தான் வீட்டுக்குக் கூரை போட்டது, அவளுக்கு ரியூஷன் கட்டியது, அவள் எங்களோடு பட்டப்படிப்புக்கு வந்தது. அம்மாவில் கோபமா என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அவளே சொன்னாள்: "கோபம் எண்டில்லை. அந்தப் பிள்ளையில பொறாமை இருந்தது. இப்ப அதுவும் இல்லை."

நாவலில் ஜேன் செய்வது அப்பட்டமாக இதுதான். அமாலியாவை ஆத்தேயின் கையில் விட்டுவிட்டு, அமாலியாவின் எதிர்காலத்துக்காக வேறொரு பிள்ளையைச் சுமக்கப் போகிறாள். ஆத்தே தன் பிள்ளைகளை ஊரில் யாரிடமோ விட்டுவிட்டு வந்தவள். ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தி, அவளின் பிள்ளையை வேறொருத்தி. இந்தச் சங்கிலியின் கீழ் நுனியில் எப்போதும் ஒரு அம்மம்மாவோ, பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு மூத்த அக்காவோ சம்பளமில்லாமல் நிற்பார்கள்.

சரி, அப்படியென்றால் தடை செய்யலாமே? எங்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம் நின்றார்கள். எங்கட நாட்டு அனுபவம் ஒன்று இருக்கிறது. 2013 இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாது. கிராம சேவகரில் தொடங்கிப் பிரதேச செயலகம் வரை கையெழுத்து வேண்டும். தகப்பன்மாருக்கு அப்படியொரு அறிக்கை இல்லை. பிள்ளையின் நலன் என்று காரணம் சொன்னார்கள். போகாமல் இருக்கிற தாய்க்கு எந்த வருமானமும் கொடுக்கவில்லை. பிறகு 2022 இல் நாட்டில் டொலர் முடிந்தது. உடனே அந்த ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைந்தது. பிள்ளையின் நலன் டொலர் கையிருப்போடு ஏறி இறங்குகிற சாமான் என்று அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

இந்தியாவும் தடை செய்தது. 2021 ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே காசுக்கு வாடகைத்தாயாக இருக்க முடியாது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்புறுதியும் தவிர வேறு கொடுப்பனவு கூடாது. அன்பினால் மட்டும் சுமக்கலாம். 2022 இல் நயன்தாரா, விக்னேஷ் சிவன் தம்பதிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது இதையெல்லாம் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பிரித்து மேய்ந்தன. அரசு விசாரணையில் அவர்கள் விதி மீறவில்லை என்று வந்தது. அந்த இரண்டு வாரமும் எங்கட முகநூலில்கூட நயன்தாராவின் வயிறு, வயது, கலியாணத் திகதி எல்லாம் அலசப்பட்டன. சுமந்தவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு பதிவும் எங்கட கண்ணில் படவில்லை. நாங்களும் போடவில்லை.

அன்புக்காகச் சுமப்பது என்ற ஏற்பாட்டில் எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. காசை எடுத்துவிட்டால் சுரண்டல் போய்விடும் என்று நினைப்பவர்கள் எங்கட குடும்பங்களுக்குள் இருந்து பார்த்ததில்லை போல. காசு வாங்காமல், மறுக்கவும் முடியாமல், 'நீதானே பெரிய மனசுக்காரி' என்ற ஒரு வசனத்தில் ஒரு தங்கச்சியிடமோ மச்சாளிடமோ எதையும் வாங்கிவிடலாம். கூலி இல்லாத வேலை கூலி உள்ள வேலையை விடப் புனிதம் என்று பெண்களுக்கு மட்டும்தான் சொல்கிறார்கள்.

நாவல் நடக்கிற நியூயோர்க் வேறு திசையில் போனது. 1992 இலிருந்து அங்கே காசுக்கு வாடகைத்தாய் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. 'தி ஃபார்ம்' வந்த அடுத்த வருடம் சட்டம் மாற்றப்பட்டு, 2021 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது காசு வாங்கலாம். ஆனால் சுமக்கிறவளுக்கென்று உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. தனக்கென்று சொந்தச் சட்டத்தரணி, அந்தச் செலவு மற்றப் பக்கத்துக்கு. காப்புறுதி. எல்லாவற்றையும் விட, தன் உடம்பைப் பற்றிய மருத்துவ முடிவுகளை, கருவை வைத்திருப்பதா கலைப்பதா என்பது உட்பட, அவளே எடுப்பாள். கோல்டன் ஓக்ஸில் இந்த ஒன்று இருந்திருந்தால் நாவலில் பாதிக் கதை நடந்திருக்காது. இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. சட்டத்தரணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் வறுமையில் கையெழுத்துப் போடலாம். ஆனால் தடையா அனுமதியா என்று மட்டும் கேட்பதை விட, சுமக்கிறவள் நடுவில் 'இல்லை' என்று சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்பது எங்களுக்கு உபயோகமான கேள்வியாகத் தெரிகிறது. பண்ணையில் 'இல்லை' என்றால் அத்தனையும் போய்விடும், காசு, பிள்ளை பார்க்க வருவது, அடுத்த வேலை எல்லாமே.

நாவலில் எங்களுக்குப் பிடிக்காததும் இருக்கிறது. நாலு பெண்களின் பார்வையில் மாறி மாறிச் சொல்கிறார். அதில் ரேகனின் பகுதிகள் இழுவை. வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுகிற பணக்காரப் பெண்ணின் மனக்குறையை ஜேனின் பயத்துக்கு அடுத்த அத்தியாயத்தில் சம அளவில் வைத்து வாசிக்கச் சொல்வது அநியாயம். ஜேனும் பல இடங்களில் மற்றவர்கள் தள்ளுகிற பக்கம் சாய்கிறவளாகவே இருக்கிறாள், ஒரு பகிடிகூட அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. நடுவில் கதை சட்டென்று திரைப்பட வேகத்துக்கு மாறுகிறது. தன் பிள்ளைக்குத்தான் வருத்தம் என்று நினைத்துப் பண்ணையிலிருந்து தப்பி ஓடுகிறாள் ஜேன். வைத்தியசாலைக்குப் போய்ப் பார்த்தால் படுத்திருப்பது ஆத்தே. விறுவிறுப்பாக இருக்கிறது, கொஞ்சம் சினிமாவாகவும் இருக்கிறது.

முடிவுக்குத்தான் எங்களுக்குள் பெரிய பிரிவு. ஆத்தே இறந்துவிடுகிறாள். ஒப்பந்தத்தை மீறிய ஜேனை மே யூ சிறைக்கு அனுப்பவில்லை, தெருவிலும் விடவில்லை. சில வருடங்கள் கழித்துப் பார்க்கிறோம். ஜேனும் அமாலியாவும் மே யூவின் வளவுக்குள்ளேயே வசதியாக இருக்கிறார்கள். ஜேன் மே யூவுக்காக ஒரு பிள்ளையைச் சுமந்து பெற்றுக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையை இப்போது வளர்ப்பதும் அவள்தான். அமாலியா நல்ல இடத்தில் வளர்கிறாள். ஜேனுக்கு நன்றியுணர்வு.

மூன்று பேர் இதைச் சமாளிப்பு என்றார்கள். நாவலாசிரியருக்குத் தன் வாசகர்களை, அதாவது மன்ஹற்றனில் ஆயா வைத்திருக்கிற வாசகர்களை, நோகடிக்க மனமில்லை, அதுதான் எல்லாரையும் நல்லவர்களாக்கி முடித்துவிட்டார் என்று. மற்ற இரண்டு பேருக்கும் அதுவே நாவலின் மிகக் கொடூரமான பக்கமாகப் பட்டது. ஜேன் தப்பி ஓடிய பண்ணையிலாவது ஒன்பது மாதத்தில் கதவு திறக்கும், கணக்குத் தீரும். இந்த வீட்டில் கணக்குத் தீராது. சம்பளம் அன்பாகிவிட்டது, முதலாளி உபகாரியாகிவிட்டா, கோபப்பட்டால் நன்றிகெட்டவள் என்று ஆகிவிடும். 'எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி' என்று சொல்லப்பட்டு வளர்ந்த வேலைக்காரப் பிள்ளைகளின் கதை எங்கட வீடுகளில் இல்லையா? மலையகத்திலிருந்து பத்து வயதில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுவரப்பட்டவர்களுக்கு, தனிக் கோப்பையும் தனிப் பாயும் கொடுத்தபடியே சொல்லப்பட்ட வசனம் அது. இதை எழுதும்போது நாங்கள் அந்த இரண்டு பேரின் பக்கம் வந்துவிட்டோம் என்று நினைக்கிறோம். நண்பன் இன்னும் வரவில்லை. ஆனால் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

படம் காட்டின பட்ச் பிள்ளை லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, சமைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு இந்தக் கதையை முழுக்கச் சொன்னாளாம். அம்மா குறுக்கே ஒன்றும் பேசவில்லை. சொந்தப் பிள்ளை இல்லை என்று தெரிந்தும் எப்படிச் சுமந்தாள் என்றோ, எவ்வளவு காசு என்றோ கேட்கவில்லை. முடிவில் ஒன்றுதான் கேட்டாவாம்: "தாய் திரும்பி வரேக்க அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?"

ஒன்றரை வயது மட்டில இருக்கும் என்று இவள் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப பரவாயில்லை, மறந்திருக்காது" எண்டு சொல்லிப்போட்டு அவ அடுப்பைத் தணிக்கப் போயிட்டாவாம்.